எண்ணெய் தெறித்த கைக்குப் பற்பசையா, தோசை மாவா, வெறும் தண்ணீரா?

காவிரிக்கரை (திருச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது, அச்சிலிருந்து மாவு மொத்தமாக நழுவிக் கடாயில் விழுந்து, எண்ணெய் எழும்பி என் வலது மணிக்கட்டிலும் புறங்கையிலும் தெறித்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நான் குழாயடிக்கு ஓடுவதற்குள் மாமியார் பற்பசையை எடுத்துவந்து தடவிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, பற்பசை கூடாது, தோசை மாவுதான் சூட்டை இழுக்கும் என்று சொல்லி, அதன்மேலேயே மாவையும் அப்பினார். தொலைபேசியில் அம்மாவைக் கேட்டபோது, தங்கள் வீட்டில் பேனா மையைத்தான் ஊற்றுவார்கள் என்றார். இத்தனை வைத்தியத்துக்கும் பிறகு இரவு 10 மணிக்கு எல்லாவற்றையும் கழுவிப் பார்த்தால், மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவில் மூன்று கொப்புளங்கள் எழும்பியிருந்தன. கை வீங்கி வளையல்கள் இறுகிவிட்டதால், சோப்பு நுரையைப் போட்டு ஒவ்வொன்றாக உருவி எடுத்தோம்.

இதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலின் நுனி வெட்டுப்பட்டு, காப்பித் தூளை வைத்து அழுத்திக் கட்டினோம். இரத்தம் நின்றது உண்மை. ஆனால் நான்காம் நாள் விரல் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கி, மருத்துவரிடம் சென்று, காயத்துக்குள் தங்கியிருந்த தூளைக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. அவர் கடிந்துகொண்டாரே தவிர, அவசரத்துக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் அன்பினால்தான் ஆளுக்கொன்றைத் தடவுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் மறுத்துப் பேசுவதற்காவது சரியான காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். மணிக்கட்டில் இருக்கும் கொப்புளங்களை உடைத்துவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

வெள்ளைச்சீருடை (ஓய்வுபெற்ற செவிலியர்) எழுதியது:

கொப்புளங்களை உடைக்காதீர்கள் சகோதரி. அந்த மெல்லிய தோல்தான் இப்போதைக்கு உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகச் சுத்தமான கட்டு. தானாக உடைந்தால், தோலைப் பிய்த்தெடுக்காமல் சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, வாசலின் போன்ற பெட்ரோலிய ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, காயத்தில் ஒட்டாத மருந்துத்துணியை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மணிக்கட்டு மூட்டுப் பகுதி என்பதால் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. மூட்டின்மேல் பட்ட காயம் ஆறும்போது தோல் சுருங்கி, கையை முழுதாக மடக்க முடியாமல் போவதுண்டு.

நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியவள். அதில் ஏழு ஆண்டுகள் தீக்காயப் பிரிவில் கழிந்தன. அங்கே வந்து சேரும் கைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒன்றைப் பூசிக்கொண்டுதான் வரும். பற்பசை, மை, மஞ்சள், முட்டை வெள்ளை, நெய், தேங்காயெண்ணெய், மாவு என்று நாங்கள் முதல் அரைமணி நேரம் செய்யும் வேலையே அவற்றைக் கழுவி எடுப்பதுதான். அந்த வலி, வெந்த வலியைவிடக் கொடியது.

நீங்கள் குழாயடிக்கு ஓடியதுதான் சரி. உங்களை வழியில் நிறுத்தியதுதான் பிழை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சாதம் தன் சூட்டிலேயே இன்னும் சிறிது நேரம் வேகும் அல்லவா, அதைப்போலத்தான் தோலும். எண்ணெயைத் துடைத்த பிறகும் உள்ளே இறங்கிய சூடு அடித்தோலை வேக வைத்துக்கொண்டே இருக்கும். 60 டிகிரி சூடுள்ள தண்ணீர் ஐந்து விநாடிகள் பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும் என்றால், முறுக்கு வேகும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும் என்பதையும், அது தண்ணீரைப் போல வழிந்தோடாமல் தோலில் ஒட்டி நிற்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோகத் தண்ணீரைப்போல எளிதான பொருள் வேறில்லை. குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாகத் திறந்துவிட்டு, கையை அதன்கீழ் 20 நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத்தான் 20 நிமிடங்கள். வலி குறைந்துவிட்டது என்று இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடக் கூடாது. சுட்டவுடன் செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு.

பற்பசை தடவியதும் குளிர்ச்சியாக இருப்பது மெந்தாலினால். நாக்கில் புதினா மிட்டாய் குளிர்வதைப்போல, நரம்புக்குக் குளிர்ந்ததாகத் தோன்றுமே தவிர, தோலின் சூடு ஒரு டிகிரிகூட இறங்காது. அதோடு பல்லைத் தேய்க்கும் சுண்ணத்தூளும் நுரைக்கும் பொருளும் அதில் இருப்பதால், வெந்த தோலை அவை மேலும் எரிக்கும். தோசை மாவு புளித்த மாவு. அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால்தான் அது பொங்குகிறது. காயத்தின்மேல் அதை அப்புவது எப்படிச் சரியாகும் என்று உங்கள் அக்காவிடம் நீங்களே கேளுங்கள். மையாலும் மஞ்சளாலும் இன்னொரு தொல்லை உண்டு: தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் காயத்தின் ஆழத்தைச் சொல்ல முடியும், சாயம் ஏறிய தோலில் அது தெரியாது.

கை தண்ணீரில் இருக்கும்போதே, மற்றவர் ஒருவர் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், காலில் பட்டிருந்தால் மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தபின் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். எண்ணெயோ சாம்பாரோ ஊறிய துணியை உடனே அகற்ற வேண்டும். தோலில் ஒட்டிப்போயிருந்தால் இழுக்காமல், சுற்றிலும் வெட்டிவிட்டு அப்படியே விட வேண்டும். பிறகு துவைத்து வெயிலில் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியோ, உணவுப் பொருள் சுற்றும் தெளிவான பிளாஸ்டிக் தாளோ கொண்டு இறுக்காமல் மூட வேண்டும். பஞ்சை நேராக வைக்காதீர்கள், இழை இழையாக ஒட்டிக்கொள்ளும். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

எந்தக் காயங்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காயம் பட்டவருடைய விரல்கள் உட்பட உள்ளங்கையின் அளவு, அவருடைய உடல் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. கொப்புளம் வந்த காயம் அந்த அளவைத் தாண்டினாலோ, முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். தோல் வெளுத்தோ, தோல்பை போல விறைத்தோ, கருகியோ இருந்து வலியே இல்லை என்றால், நல்லவேளை என்று நிம்மதி அடையாதீர்கள். வலியை உணரும் நரம்பும் வெந்துவிட்டது என்று பொருள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் சிறிய காயத்தையும் காட்டிவிட வேண்டும். பெரிய காயம் என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டிருங்கள். ஆனால் பரந்த காயத்திலும் சிறு குழந்தைகளிடத்திலும் உடல் முழுதும் குளிர்ந்து நடுக்கம் வந்துவிடும் அபாயம் உண்டு. காயத்தில் மட்டும் தண்ணீர் படட்டும். மற்ற இடத்தைப் போர்வையால் மூடிவிடுங்கள்.

பந்திச்சமையல் (மதுரை) எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கல்யாணச் சமையலில் 22 ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், நடைமுறையில் வரும் சிக்கல்களை மட்டும் சொல்கிறேன்.

குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும் என்பதை நம் ஊரில் நம்பக் கூடாது. சித்திரை, வைகாசியில் மதியம் 2 மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது கிட்டத்தட்ட வெந்நீர். எங்கள் பையன் ஒருவனுக்கு ரசம் கொட்டியபோது பதற்றத்தில் கையைக் குழாய்க்கடியில் பிடித்து, அவன் அலறிய பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. அன்றிலிருந்து, எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு மண்பானை நிறையத் தண்ணீரை அடுப்புக்கு எட்டத்தில் நிழலில் வைத்துவிடுவோம். வீட்டில் என்றால் குடிக்கும் கேன் தண்ணீரை ஒரு அகலப் பாத்திரத்தில் ஊற்றிக் கையை முக்கி வைக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீடுகளில் இது குழாயைவிடச் சிக்கனமும்கூட. கீழே விழும் தண்ணீர் செடிக்குப் போகட்டும். ஐஸ் கட்டியை மட்டும் நேராக வைக்காதீர்கள். வெந்த தோலை ஐஸ் இன்னொரு முறை புண்ணாக்கிவிடும்.

எண்ணெய் தெறிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். முறுக்கு மாவு நழுவி விழுந்தது ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் அஞ்சுவது சீடைக்கு. கோகுலாஷ்டமி சமயத்தில் சீடை வெடித்து முகத்தில் எண்ணெய் தெறித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உருண்டைக்குள் ஈரம் அடைபட்டு நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் துப்பாக்கிக் குண்டைப்போல வெடிக்கும். மாவை நன்றாகச் சலித்து, உருட்டியதைத் துணியில் பரப்பி உலரவிட்டு, மிக அழுத்தி வழவழவென்று உருட்டாமல், ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, அதன் பிறகே எண்ணெயில் போட வேண்டும். கண்ணில் எண்ணெய் தெறித்தால், கையால் தேய்க்காமல் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். எண்ணெய்ச் சட்டியே தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீரை ஊற்றாதீர்கள். எண்ணெய்க்கடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். கேஸை அணைத்து, அகலத் தட்டால் மூடிவிட்டு, ஆறும் வரை அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

இட்லிக் கொப்பரையைப் பற்றியும் ஒரு சொல். மூடியைத் தூக்கும்போது, நமக்கு எதிர்ப்பக்கம் முதலில் திறக்குமாறு சாய்த்துத் தூக்க வேண்டும். நீராவி பட்ட காயம் கொதிநீர் பட்ட காயத்தைவிட எப்போதும் மோசமாக இருப்பது ஏன் என்று எனக்குப் புரிந்ததேயில்லை. இரண்டும் 100 டிகிரிதானே?

கரும்பலகை (வேதியியல் ஆசிரியர்) எழுதியது:

மாஸ்டர் கேட்ட கேள்விக்கு எங்கள் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம் உங்கள் கையில் பட்டு, உடல் சூடான 37 டிகிரிக்கு இறங்குவதற்குள் 63 கலோரி வெப்பத்தைத் தோலுக்குக் கொடுக்கும். அதே ஒரு கிராம் நீராவி, முதலில் தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடும். அதன்பிறகுதான் அந்த 63 கலோரி. ஆக, ஏறத்தாழ பத்து மடங்கு. வகுப்பில் இதை உள்ளுறை வெப்பம் என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்; குக்கரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உழவன்மகன் (தஞ்சாவூர்) எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் மஞ்சளையும் ஒதுக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மஞ்சள் கிருமிநாசினி என்பது உலகம் ஒத்துக்கொண்ட செய்தி. எங்கள் பாட்டி வெட்டுக்காயத்துக்கு மஞ்சள் தூளை வைத்தே நான்கு பிள்ளைகளை வளர்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்முடைய பொருள் என்றாலே மருத்துவமனைக்காரர்களுக்கு இளக்காரம்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

தம்பி, இளக்காரம் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமினுக்குக் கிருமிகளை அடக்கும் தன்மை இருப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததுதான். ஆனால் நாம் காயத்தில் வைப்பது குர்குமினை அன்று. மண்ணுக்கடியில் விளைந்து, களத்தில் காய்ந்து, அரைவை இயந்திரத்தில் தூளாகி, நாம் ஈரக் கரண்டியை விட்டு எடுக்கும் டப்பாவில் ஆறு மாதம் இருந்த தூளை. அது கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. பாட்டியின் பிள்ளைகளுக்குக் காயம் ஆறியதற்குக் காரணம், சின்ன வெட்டுக்காயம் எதை வைத்தாலும், எதையும் வைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஆறிவிடும் என்பதே. நம்முடைய பொருளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, சொல்கிறேன்: வாழையிலை. அது காயத்தில் ஒட்டுவதில்லை, எடுக்கும்போது வலிப்பதில்லை. கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்துக்குக் கட்டாகப் பயன்படுத்திய மருத்துவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். தோட்டத்தில் அறுத்த இலையை அப்படியே வைக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

இனி, முதல் கேள்வியில் விட்டுப்போன வெட்டுக்காயத்துக்கு வருகிறேன். காப்பித் தூள் இரத்தத்தை நிறுத்தியதாக நாம் நினைக்கிறோம். நிறுத்தியது, தூளின்மேல் நீங்கள் வைத்து அழுத்திய விரல். சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் சமையலறை வெட்டுகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். நம்மால் முடியாதது அந்த 'விடாமல்' என்பதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிட்டதா என்று துணியை விலக்கிப் பார்ப்போம். உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்துவந்து மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். விரல் நுனியில் இரத்தக் குழாய்கள் மிகுதி என்பதால் சின்ன வெட்டுக்கும் பார்ப்பவர் மயங்கும் அளவுக்கு இரத்தம் வரும், அதற்காக அஞ்ச வேண்டாம்.

நின்ற பிறகு, குடிக்கத் தகுந்த தண்ணீரை ஓடவிட்டுக் காயத்தை நன்றாகக் கழுவி, சுற்றியுள்ள தோலைச் சோப்பால் சுத்தம் செய்து, பிளாஸ்திரி ஒட்டினால் போதும். காயத்துக்குள் ஸ்பிரிட்டையோ நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையோ ஊற்றினால், கிருமியோடு புதிதாக வளர வேண்டிய திசுவும் சாகும். 1920-இல் அமெரிக்காவில் ஏர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருந்த தம் மனைவி யார் துணையும் இன்றித் தாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, ஒட்டும் நாடாவில் சிறு மருந்துத்துணித் துண்டுகளை வைத்துச் செய்ததுதான் இன்று நாம் ஒட்டும் இந்தப் பிளாஸ்திரி. சமையலறையில் பிறந்த பொருளை நம் வீடுகளில் பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.

பத்து நிமிட அழுத்தத்துக்கும் நிற்காமல் பீறிட்டு வந்தாலோ, வாய் பிளந்து உள்ளே கொழுப்பு தெரிந்தாலோ தையல் வேண்டும். அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். இரத்தம் நின்றதும் விரலின் நுனிக் கணுவைத் தனியாக மடக்கி நீட்டிப் பாருங்கள். மடங்கவில்லை என்றால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம். வெட்டுக்கு அப்பால் மரத்துப்போயிருந்தால் நரம்பு பட்டிருக்கலாம். வெளியே தையல் போட வேண்டிய தேவையே இல்லாததுபோலத் தெரியும் சின்ன வெட்டிலும் இது நேர்வதுண்டு. விரல் நுனி துண்டாகவே போய்விட்டால், அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துவர வேண்டும். துண்டை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து பயனற்றுப் போகும்.

டி.டி. ஊசியைப் பற்றியும் கேட்பீர்கள். முன்பு டெட்டனசுக்கு மட்டும் போட்ட ஊசியும் டி.டி., இப்போது டெட்டனசையும் டிப்தீரியாவையும் சேர்த்துத் தடுக்கப் போடும் ஊசியும் தமிழில் எழுதினால் டி.டி.தான் என்பதால் குழம்ப வேண்டாம். சிறு வயதில் எல்லாத் தவணைகளையும் முடித்தவருக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அழுக்கோ மண்ணோ பட்ட காயம் என்றால் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. வெட்டோ சூடோ, இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலும், சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பந்திச்சமையல் எழுதியது:

பிளாஸ்திரியைப் பற்றி அம்மா சொன்னதால் ஒன்று நினைவுக்கு வந்தது. பெரிய ஓட்டல் சமையற்கட்டுகளில் நீல நிறப் பிளாஸ்திரிதான் வைத்திருப்பார்கள். நீல நிறத்தில் உணவுப்பொருள் அநேகமாக எதுவும் இல்லாததால், விரலிலிருந்து கழன்று சாம்பாரில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. பிளாஸ்திரி ஒட்டிய விரலோடு மாவு பிசைய வேண்டியிருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மருத்துவரிடம் காட்டினேன். ஆழமான காயம் இல்லை, இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், மணிக்கட்டை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள் என்றார். செவிலியர் அம்மாவின் பதிலை மாமியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மெந்தால் குளிர்ச்சியைப் பற்றிச் சொன்ன இடத்தில் பற்பசைக் குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்று காலை அப்பளம் பொரிக்கும்போது அவருடைய விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தது. நான் எழுந்து போவதற்குள் குழாயைத் திறந்து கையை நீட்டிவிட்டார். "மணியைப் பார், நீதானே இருபது நிமிஷம்னு சொன்னே" என்றார். அப்பளம் கருகிவிட்டது.